ஏரிக்காற்றுக்கு ஒரு மாதிரிப் பக்கம்

1

இந்தக் கதை ஏரிக்கரை நகரமான கிசுமுவில், மின்சாரம் போன ஒரு மதியம், மீன் பொரிக்கும் கடையில் எனக்குக் கிடைத்தது. சொன்னவள் அபோண்டி, தனியாக இணையதளங்கள் கட்டித் தருபவள். எழுதட்டுமா என்று கேட்டேன்.

"யாராவது எழுதச் சொன்னாங்களா?"

"இல்ல. அனுப்பினா பத்திரிகையில போட்டாலும் போடுவாங்க."

"அப்ப நீங்களும் நம்ம கூட்டம்தான்" என்று சிரித்தாள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘சூறைக்காற்று வீசிய விடியலில் அபோண்டியின் கைபேசி...’

வேண்டாம். படகுச் சங்கத் தலைவர் ஓகுட்டுவை முதலில் சொல்லியாக வேண்டும். சங்கத்துக்கு இணையதளம் வேண்டுமென்று அபோண்டி உட்பட மூன்று பேரை அழைத்தவர் அவர். "ஆளுக்கொரு மாதிரி செஞ்சு காட்டுங்க. பிடிச்சிருந்தா வேலை."

அபோண்டியோடு ஒரே அறையில் வேலை செய்யும் ராடிங் கொதித்தான். "சலூனுக்குப் போயி, பாதித் தலைக்கு முடி வெட்டு, பிடிச்சா காசு தரேன்னு சொல்வாராமா அவரு?"

அவளுக்குக் கோபம் வரவில்லை. (இங்கே அவளைப் புகழ்ந்து ஒரு வரி எழுதி, அடித்துவிட்டேன்.) நேராக ஓகுட்டுவிடம் போனாள்.

"வேலை எனக்கு வரலேன்னா, நான் செஞ்சது எனக்கே சொந்தமா?"

"எடுத்துட்டுப் போ மகளே. நாங்க அதை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறோம்?"

அது போதுமாக இருந்தது அவளுக்கு. முழுத் தளம் செய்யவில்லை. காற்று எச்சரிக்கைக்கு ஒரே ஒரு பக்கம். வேறு கரைகளுக்கும் அதை விற்கலாம். பச்சை என்றால் போகலாம், சிவப்பு என்றால் கூடாது. விடியலில் வானிலை அறிக்கையைப் பார்த்து, நிறத்தைத் தன் கையால் மாற்றுவாள். தானாக மாற வைப்பது பல வார வேலை. அது கூலி பேசிய பிறகு.

3

வேலை ஓகுட்டுவின் மருமகனுக்குப் போயிற்று. (ஓகுட்டுவை வில்லனாக்கிப் பார்த்தேன், பொருந்தவில்லை. மருமகனின் தளம் நன்றாகவே இருந்தது. காற்று மட்டும் அதில் இல்லை.) அபோண்டி நிறம் மாற்றுவதை நிறுத்தினாள். பக்கம் பச்சையிலேயே நின்றுவிட்டது.

பிறகு அந்த விடியல். ஓலாங் என்ற படகோட்டி, பக்கத்தின் அடியில் இருந்த அவள் எண்ணுக்கு அழைத்தார்.

"தங்கச்சி, பச்சைன்னு காட்டுது. ஆனா வானம் சரியில்ல. ஆளுங்க ஏறி உக்காந்துட்டாங்க. போலாமா?"

அதை யாரோ பார்க்கிறார்கள் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"இறக்கிவிடுங்கண்ணே! எல்லாரையும் இறக்கிவிடுங்க!"

ஓலாங் இறக்கிவிட்டார். பச்சையை நம்பி முன்பே கிளம்பியிருந்த இன்னொரு படகு நடு ஏரியில் கவிழ்ந்தது. பக்கத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரையும் உயிரோடு தூக்கினார்கள்.

4

ராடிங் சொன்னான்: "மூடிடு. மாதிரின்னு மேலேயே எழுதியிருந்தியே. உன் மேல என்ன தப்பு?"

"எழுத்தை யாருடா பாத்தாங்க? நிறத்தைத்தான் பாத்தாங்க."

ஓகுட்டு வருத்தப்பட்டார். "சங்கத்துல அதுக்குக் கூலி தர வழியில்ல மகளே" என்றார்.

படகோட்டிகள் சேர்ந்து அவளுக்குச் சம்பளம் தருவதாக ஒரு முடிவு எழுதினேன். அப்படி நடக்கவில்லை. அவள் ஓர் இரவில் பக்கத்தை மூடுவதாக இன்னொன்று... அதுவும் நடக்கவில்லை, இதுவரை. இப்போது தினமும் விடியுமுன் எழுந்து நிறம் மாற்றுகிறாள். காய்ச்சல் வந்தாலும், வெளியூர் போனாலும்.

மூடலாம். இப்படியே தொடரலாம். அல்லது, நிறம் தானாக மாற வைக்கும் அந்தப் பல வார வேலையையும் கூலியில்லாமல் செய்து முடிக்கலாம். "நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?" என்று என்னைக் கேட்டாள். நான் தட்டில் இருந்த மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

உங்களிடம் தருகிறேன். ஆனால் விடிவதற்குள் சொல்லிவிடுங்கள்; படகுகள் கிளம்பிவிடும்.