காலைப் பிரதி

2007ஆம் ஆண்டு கரண்டுக்கும் திருகோணமலைக்கும் ஏழாம் பொருத்தம். போனால் எப்போது வருமென்று கடவுளுக்கும் தெரியாது. அந்த இலட்சணத்தில்தான், துறைமுகத்துக்குப் பக்கத்திலிருந்த நிவாரண அலுவலகத்தில், குணேஸ்வரி ஒரு பழைய கொம்பியூட்டரில் லினக்ஸ் ஏற்றி, அதன்மேல் விக்கி நிறுவினாள். அலுவலகத்தார் எல்லோரும் அதன் பக்கங்களில் எழுதலாம், திருத்தலாம். ஒரு வரிகூடக் கட்டடத்துக்கு வெளியே போகாது. யார் எங்கே போகிறார் என்பது வெளியே கசிந்தால் உயிர் போகிற காலம்.

அதில் முக்கியமானது 'இன்றைய பாதை' என்ற பக்கம். எந்த வீதி திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று விசாரித்து அதில் எழுதுவது ஸல்ஹாவின் வேலை. அவள் கணவன் ஜெமீல் அங்கேயே லொறி ஓட்டினான். முன்பெல்லாம் சாரதிமார் வெளிக்கிட முன் ஆளுக்காள் கேட்டுக்கொள்வார்கள். இனி வாய்க்கதை வேண்டாம், பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று சொல்லிவைத்தவள் குணேஸ்வரிதான்.

கரண்ட் சட்டென்று நின்றால் பக்கங்கள் பழுதாகிவிடும். திரும்பத் திரும்ப நிறுவி அலுத்துப்போனவள் ஒரு தந்திரம் செய்தாள். அலுவலகம் திறந்ததும் எல்லாவற்றையும் பிரதி எடுத்து வைப்பாள். கரண்ட் போய் வந்தால், கொம்பியூட்டர் எழும்பும்போதே அந்தக் காலைப் பிரதியைத் தானாகப் போட்டுக்கொள்ளும். இடையில் எழுதியது போய்விடும் என்று தெரியும். நாலு வரிதானே, திரும்ப எழுதினால் போச்சு என்று விட்டுவிட்டாள். ஒருவருக்கும் சொல்லவுமில்லை. கெட்டித்தனம் தலைக்கேறினால் வாய் இப்படித்தான் அடைத்துக்கொள்ளும்.

ஆவணியில் ஒரு நாள், காலையில் எல்லாப் பாதையும் திறந்திருந்தது. பிரதியும் எடுத்தாயிற்று. பிறகுதான் சாம்பல்தீவிலிருந்து தகவல் வந்தது: வீதியில் கண்ணிவெடி, ஒருவரும் வரவேண்டாம். ஸல்ஹா உடனே அந்தப் பாதை மூடியிருப்பதாக எழுதிவிட்டு, ஒரு கூட்டத்துக்காக மாவட்டச் செயலகமான கச்சேரிக்குப் போனாள். ஜெமீல் அப்போது தண்ணீர் ஏற்றப் போயிருந்தான். கைத்தொலைபேசிகளை அந்தக் கிழமை முழுக்க நிறுத்திவைத்திருந்தார்கள்.

கரண்ட் போய் வந்தது. ஜெமீல் வந்து பக்கத்தைப் பார்த்தான். பாதை திறந்திருப்பதாகவே அதில் இருந்தது. நிலாவெளிக்குப் போன லொறி சாம்பல்தீவைத் தாண்டவில்லை.

ஜெமீலின் ஜனாஸாவை அடக்கிய பிறகு அலுவலகப் பொறுப்பாளர் குணரத்தினம் பக்கத்தைத் திறந்து பார்த்தார். ஸல்ஹா எழுதிய சுவடே இல்லை. அவசரத்தில் சேமிக்க மறந்திருப்பா, பாவம், இதைப் பெரிசாக்க வேண்டாம் என்று சொல்லி அலுவலகத்தைக் காலவரையின்றிப் பூட்டினார். குணேஸ்வரிக்கு உயிர் திரும்பி வந்தது. வந்த உயிரை நினைக்க அவளுக்கே அருவருத்தது.

கணவனை இழந்த பெண் வெளியே வராமல் வீட்டோடு இருக்கும் இத்தாவில், குறிஞ்சாக்கேணியில் இருந்த ஸல்ஹாவைப் பார்க்கக் குணேஸ்வரி போனாள். வெள்ளை உடுத்து, கதவைச் சாத்திய அறையில் ஸல்ஹா இருந்தாள்.

"நான் எழுதின எண்டுதான் நெனைச்சன். அங்க ஒண்டுமில்லையாம். என்ட கவனயீனம்தான் அவரத் திண்டுட்டுது."

பேசாமல் இருந்திருந்தால் குணேஸ்வரி தப்பியிருப்பாள்.

"நீங்கள் எழுதினீங்கள், ஸல்ஹா. அதை அழிச்சது நான்."

பிரதியைப் பற்றி முழுவதையும் சொன்னாள். ஸல்ஹா அழவில்லை, ஏசவில்லை. கடைசியில் ஒன்று கேட்டாள்.

"அப்ப அந்த மெசின்ல இப்பவும் அண்டைக்குக் காலம எடுத்த பிரதிதான் இருக்கா?"

"ஓம். அதுக்குப் பிறகு நான் பிரதி எடுக்கேல்லை."

"அத மட்டும் அழிச்சிராதீங்க. அந்தக் காலமயில அவர் இன்னும் வெளிக்கிடல்ல." ஸல்ஹா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "நீங்க இனி இங்க வர வேணாம்."