கரடிப் படம் போட்ட பவுச்சுகள்

எங்கள் வீட்டுக்கு ஒரு பாத்திரம் நிறைந்து வந்தால் அது வெறுமையாகத் திரும்பாது. வந்தது மோர்க்குழம்பாக இருந்தாலும் சரி, போகும்போது அதில் நாலு எலுமிச்சம்பழமாவது கிடக்கும். எதுவும் இல்லாத நாளில் ஒரு பிடி நாட்டுச்சர்க்கரை.

என் மருமகள் வர்ஷினி ஆன்லைனில் ஆறு பவுச்சுகள் வாங்கினாள். கரடிப் படம் போட்ட தடித்த பிளாஸ்டிக் பைகள். அடிப்பக்கம் ஜிப்பைத் திறந்து மசித்த சாப்பாட்டை நிரப்ப வேண்டும். மேலே மூடியைத் திருகி எடுத்தால் குழாய் போன்ற வாய். குழந்தை அதில் வாயை வைத்துப் பையை அமுக்கினால் சாப்பாடு உள்ளே போகும். கழுவித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். ஒன்றரை வயதுப் பேரன் கதிர் கிண்ணத்தைக் கண்டால் வாயை மூடிக்கொள்வான். பவுச்சைக் கண்டால் இரண்டு கையையும் நீட்டுவான்.

அவற்றை நிரப்புவது வர்ஷினியின் தாயார் நஞ்சம்மாள். என் மனைவி காலமான பிறகு எங்கள் வீட்டில் குழந்தைக்கென்று பக்குவமாகச் செய்ய ஆளில்லை. வர்ஷினி வேலைக்குப் போகும் வழியில் வடவள்ளியில் பிறந்த வீடு. காலையில் காலி பவுச்சுகளைக் கொடுத்துவிட்டுப் போவாள். சாயங்காலம் பூசணி, ராகி, நேந்திரம்பழம் என்று நிரம்பியவற்றைத் தொண்டாமுத்தூருக்குக் கொண்டுவருவாள். நான் அவற்றைப் பாத்திரம் என்று எண்ணவில்லை.

சித்திரையில் பேரூரில் ஒரு கல்யாணம். பந்தியில் சம்பந்தி காளிச்சாமி என் பக்கத்து இலையில் உட்கார்ந்தார்.

"பேரன் நல்லாச் சாப்படறானுங்களா?"

"சாப்படறானுங்க. சம்மந்தியம்மா கைப்பக்குவமுங்க."

"ஆமாங்க. எங்க ஊட்டுலிருந்து ரொம்பிப் போகுது, உங்க ஊட்டுலிருந்து பளபளன்னு கழுவி வருது. இத்தனை சுத்தமா வழிச்சுக் கழுவற ஊட்டை நான் பார்த்ததே இல்லீங்க."

எதிர் வரிசையில் இருந்த என் பங்காளி ஒருவர் இலையைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். பந்தி முடியும் வரை நான் உட்கார்ந்திருந்தேன். பாதியில் எழுந்தால் அழைத்தவருக்கு அவமானம்.

அன்று மாலை வர்ஷினியைக் கேட்டேன்.

"அம்மணி, அந்தப் பையில என்ன போட்டுத் திருப்பி அனுப்பறே?"

"ஒண்ணும் போடறதில்லீங்க மாமா. செவ்வந்தியக்கா கழுவிக் காய வெச்சுத்தான் குடுக்கறாங்க."

"வெறுமாவா?"

"அது பவுச்சுங்க மாமா."

என் மகன் கிருபாசங்கர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தலையைத் தூக்கவே இல்லை.

மறுநாள் விடியற்காலையில் வீட்டு வேலைக்கு வந்த செவ்வந்தியிடம் இரண்டில் நெய்யும் மற்றவற்றில் நாட்டுச்சர்க்கரையும் நிரப்பச் சொன்னேன். "ஏனுங்கய்யா, தம்பி இதையா சாப்படப் போகுது?" என்றாள். நிரப்பு என்றேன். வர்ஷினி பையைத் திறந்து பார்க்காமலே எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நஞ்சம்மாள் மரியாதை தெரிந்தவர். ஒன்றும் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் ஐந்து பவுச்சில் கதிரின் சாப்பாடு வந்தது. ஆறாவதில் எனக்கென்று கொள்ளுப்பொடி. கொள்ளுப்பொடிக்கு நான் தேன் அனுப்பினேன். தேனுக்கு எள்ளுருண்டையை உதிர்த்து நிரப்பி அனுப்பினார்கள். ஒரு வாரத்துக்குள் கதிருக்கு என்று வருவது மூன்று பவுச்சாகக் குறைந்துவிட்டது. எத்தனை கழுவினாலும் நெய் வாடை போகவில்லை என்று செவ்வந்தி முணுமுணுத்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் வர்ஷினி தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். கதிர் அழுதான். நான் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து ஒரு பவுச்சை எடுத்து, மூடியைத் திருகி, அவன் கையில் கொடுத்தேன். ஒரே அமுக்கு. முகம் சிவந்து, மூச்சுப் பிடித்து, பிறகு தெரு முழுவதும் கேட்கும்படி கத்தினான். நீல மூடி என்றால் எனக்கென்று வந்த பூண்டுத் தொக்கு என்று வர்ஷினிக்குத் தெரியும், செவ்வந்திக்கும் தெரியும். எனக்கு யாரும் சொல்லவில்லை.

தயிர் கொடுத்து, சர்க்கரை கொடுத்து, அழுகை ஓய்ந்தது. அதன் பிறகு அவன் பவுச்சைத் தொடவில்லை. கரடிப் படத்தைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டான். கிண்ணத்துக்கும் வாய் திறக்கவில்லை. ஞாயிறு இரவு வரை பாலில்தான் ஓடியது.

அன்றிரவு வர்ஷினி ஆறு பவுச்சுகளையும் என் முன்னால் மேஜையில் வைத்தாள். குரலை உயர்த்தவில்லை.

"மாமா, இது கதிரோடதுங்க. உங்க மரியாதைக்கு வேற ஏனம் பாத்திரம் பாருங்க."

"உங்கப்பா பந்தியில சொன்னது உனக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க. அப்பாகிட்ட அன்னிக்கே சண்டை போட்டுப்போட்டேன். அதுக்காக எம்பையன் பட்டினி கிடக்கோணுமுங்களா?"

கைப்பிடி வைத்த தூக்குப்போசியில் தனியாக நெய் கொடுத்தால் கொண்டுபோவாயா என்று கேட்டேன்.

"ஸ்கூட்டியில தொங்கவிட்டா பாதி நெய் ரோட்டுக்குத்தானுங்க."

திங்கட்கிழமை வேட்டியை மாற்றிக்கொண்டு வடவள்ளிக்கு பஸ் ஏறினேன். ஒரு கையில் தூக்குப்போசி நிறைய நெய். மறு கையில் வெந்நீரில் ஊறவைத்து வாடை போக்கிய பவுச்சுகள். மகன் கல்யாணத்துக்குப் பிறகு பெண் கொடுத்தவர் வீட்டுக்கு நான் போனதில்லை. அவர்கள்தான் வருவார்கள். முறை அப்படி.

கதவைத் திறந்தது காளிச்சாமி. என்னையும் போசியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வாங்க சம்மந்தி. இதுக்கா பஸ் ஏறி வந்தீங்க?"

"என்ற ஊட்டுலிருந்து வெறும் ஏனம் வந்ததுன்னு இனி ஒருத்தரும் சொல்லக்கூடாதுங்க."

அவர் வாயைத் திறப்பதற்குள் நஞ்சம்மாள் அடுப்படியிலிருந்து வந்தார்.

"வாங்க அண்ணா, உட்காருங்க. பையன் இன்னிக்கு வாயைத் தொறந்தானுங்களா?"

"பால் மட்டுந்தானுங்க."

அவர் நெய்யை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டு, பவுச்சுகளில் இருந்த கரடிப் படங்களின் மேல் வெள்ளைத் துணியைச் சுற்றித் தைத்தார். பிறகு மசித்த பூசணியை நிரப்பினார். அவற்றை ஒவ்வொன்றாகத் தூக்குப்போசிக்குள் அடுக்கி, இடைவெளியில் ஐஸ் கட்டிகளைப் போட்டு மூடினார். நான் காபி மட்டும் குடித்தேன்.

போசி கனத்தது. வாசலில் காளிச்சாமி அதைத் தாமே எடுத்துக்கொண்டார். பஸ் ஸ்டாப் வரை நடந்தோம். எதிரே வந்த ஒருவர், "என்னங்க காளிச்சாமியண்ணா, போசியும் கையுமா?" என்றார்.

"சம்மந்தி ஊட்டுதுங்க," என்றார் காளிச்சாமி.

தொண்டாமுத்தூர் பஸ் வரும்வரை அவர்தான் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை.