ஐந்தாம் மேசைக்காரர் கார் ஓட்டக் கற்ற கதை

1

இந்தக் கதை எனக்கு மணல் லாரியில் வந்தது.

என் கைபேசி எண் எனக்கு முன்னால் வேறொருவரிடம் இருந்திருக்கிறது. அவர் கட்டட வேலைகளுக்கு மணல் அடிப்பவர் போலும். நான் இந்த எண்ணை வாங்கி மூன்று வருடமாகியும் வாரத்துக்கு ஒருவர் கூப்பிட்டு, "அண்ணே, லோடு எங்க இறக்குறது?" என்று கேட்கிறார். முதல் வருடம் பொறுமையாக விளக்கினேன். இரண்டாம் வருடம் கத்தினேன். இப்போதெல்லாம் "கேட்டுக்கு உள்ள இறக்குங்க" என்று சொல்லி வைத்துவிடுகிறேன். [பொய். ஒரே ஒருமுறைதான் அப்படிச் சொன்னேன். யார் வீட்டு வாசல் அடைபட்டதோ என்று அன்று முழுக்கக் குறுகுறுத்துக்கொண்டிருந்தது.]

ஒரு காலை பல் துலக்கும்போது தோன்றியது: அந்த மணல்காரர் மேல் அரசாங்கத்துக்குச் சந்தேகம் வந்து, அவர் எண்ணை ஒட்டுக்கேட்டால், கேட்கப்படுவது நானல்லவா? வாயில் நுரையோடு ஓடிப்போய் என் மனைவியிடம் சொன்னேன்.

"உங்க பேச்சைக் கேக்குறதுக்கு ஒருத்தருக்குச் சம்பளமா? பதினெட்டு வருஷமா நான் சும்மா கேட்டுட்டிருக்கேன்" என்றாள்.

2

தொடக்கங்கள்.

"வானம் கறுத்திருந்தது. நகரத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் காதுகள்—" அடித்துவிட்டேன். காதுகள் எதற்காகக் கண்ணுக்குத் தெரிய வேண்டும்?

"தனிமனித அந்தரங்கம் என்பது நாகரிகத்தின்—" இதை எழுதும்போது எனக்கே கொட்டாவி வந்தது.

மூன்றாவது நிற்கிறது: ஐந்தாம் மேசைக்காரர் காலை ஒன்பதரைக்கு வந்து உட்கார்ந்து, ஹெட்போனின் பஞ்சைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தார். அவர் விடுப்பில் போகும் நாட்களில் ஆறாம் மேசைக்காரர் அதை மாட்டிக்கொள்வார். அவர் தலையில் எண்ணெய் கொஞ்சம் தாராளம்.

அந்த அலுவலகத்தில் ஜன்னல்களுக்குப் பழுப்புத்தாள் ஒட்டியிருக்கும். எட்டு மேசைகள், எட்டு ஹெட்போன்கள், ஒரே ஒரு மின்விசிறி. ஒவ்வொரு மேசைக்கும் சில எண்கள். அந்த எண்களில் யார் பேசினாலும், எந்தக் குறுஞ்செய்தி வந்தாலும் இங்கே வந்துவிடும். கேட்டு, படித்து, மாலைக்குள் ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். படிவத்தில் நான்கு கட்டங்கள்: நேரம், பேசியவர், பேச்சின் சாரம், குறிப்பிடத்தக்கது.

"ஆள் மாறிவிட்டது" என்று எழுத ஐந்தாவது கட்டம் கிடையாது. கதையின் சிக்கல் அதுதான்.

3

கோப்பில் இருந்த ஆள் கடத்தல்காரர். உத்தரவு வருவதற்கு முந்தின மாதமே அவர் அந்த எண்ணை விட்டுவிட்டார். தொலைபேசி நிறுவனம் அதைத் தூசி தட்டி வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது. அந்த வேறொருவர், ஒரு டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பெண்மணி.

ஐந்தாம் மேசைக்காரர் இதை முதல் வாரத்திலேயே கண்டுபிடித்து, கண்காணிப்பாளரிடம் போய்ச் சொன்னார்.

"ஆளு மாறினா என்னப்பா, நம்பர் மாறலையே? உத்தரவு நம்பர் மேலதான்."

"சார், அந்தம்மா வெறும் கிளட்ச் பத்தித்தான் பேசுறாங்க."

"கேட்டுக்கிட்டே இரு. எப்பவாவது வேற பேசுவாங்க."

பதினோரு மாதமாயிற்று. அவர் வேறு பேசவில்லை. தேர்வுக்கு முந்தின நாள் நடுங்கும் மாணவர்களுக்குப் போனிலேயே பாடம் நடத்தினார். "முதல்ல கண்ணாடி, அப்புறம் சிக்னல், அதுக்கப்புறம்தான் திரும்பணும்." ஒருநாள், "நாளைக்கு மேட்டுல நிறுத்தி எடுக்கணும், தயாரா இரு" என்றார். மேலிடத்திலிருந்து அந்த வரியைச் சிவப்பு மையால் சுழித்து, "எதை எடுக்க வேண்டும்?" என்று கேட்டு அனுப்பினார்கள். வண்டியை, என்று அரைப் பக்கத்துக்கு விளக்கம் எழுதினார் ஐந்தாம் மேசைக்காரர். எழுதி முடித்தபோது, வாழ்நாளில் ஸ்டியரிங்கைத் தொட்டிராத தமக்கு மேட்டில் வண்டி எடுப்பது எப்படியென்று அத்துப்படியாகிவிட்டதைக் கவனித்தார். கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

(இந்த இடத்தில் என் மனைவி, "அவருக்கு அந்தம்மா மேல ஒரு இதுவா?" என்று கேட்டாள். இல்லை. கதை அந்தப் பக்கம் போகப் பார்த்தது. காதைப் பிடித்துத் திருப்பிவிட்டேன்.)

4

இதுவரை விளையாட்டு. இனிமேல் இல்லை.

அந்த டீச்சருக்குக் கழுத்தில் ஒரு கட்டி. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். பத்து நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று முறை அழைப்பு வந்தது. டீச்சர் எடுக்கவில்லை. "ரிப்போர்ட் வந்துவிட்டது. மருத்துவரை உடனே சந்திக்கவும்" என்று குறுஞ்செய்தி வந்தது. டீச்சர் திறக்கவில்லை. ஐந்தாம் மேசைக்காரர் மட்டும் படித்தார்.

டீச்சர் பெயர் பதியாத எண்களை எடுப்பதே இல்லை. முன்பொருமுறை அப்படி எடுத்து, வீட்டுமனை விற்பவன் ஒருவனிடம் நாற்பது நிமிடம் மாட்டிக்கொண்டவர். புது மாணவர்களை ஸ்கூல் முதலாளி சேர்த்துக்கொண்டு எண்ணைத் தருவார். பெயர் போட்டுப் பதிந்த பிறகுதான் டீச்சர் பேசுவார். குறுஞ்செய்திகளை ஞாயிற்றுக்கிழமை காலையில் படிக்காமலேயே மொத்தமாக அழித்துவிடுவார். ஏன் என்று தம் அக்காவிடம் அவரே சொன்னார்:

"தெரியாத நம்பரை எடுக்காதக்கா, மெசேஜையும் திறக்காத. எடுத்தா போனுக்குள்ளயே வந்து உக்காந்துக்கிட்டு எல்லாத்தையும் ஒட்டுக்கேப்பாங்களாம்."

ஐந்தாம் மேசைக்காரர் அதையும் சாரம் கட்டத்தில் எழுதினார்.

"சரி, ரிப்போர்ட் என்னாச்சு?" என்றார் அக்கா.

"ஏதாவது இருந்தா அவங்களே கூப்பிட்டுருப்பாங்கல்ல? கூப்பிடல. அப்ப ஒண்ணும் இல்லைன்னுதான அர்த்தம்."

அன்று ஐந்தாம் மேசைக்காரர் மதியச் சாப்பாட்டைப் பிரிக்கவேயில்லை. ஆஸ்பத்திரிக்கு வெளியே அந்தச் செய்தி தெரிந்த ஒரே ஆள், அதைத் தெரிந்திருக்கக் கூடாத ஆள். சொன்னால் வேலை போகும், சிறைகூட உண்டு. சொல்லாவிட்டால் என்ன போகும் என்று நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

அவர் மறுபடி கண்காணிப்பாளரிடம் போனார்.

"சார், பாவம் சார், ஆஸ்பத்திரி விஷயம்."

"அதை எந்தக் கட்டத்துல எழுதுவ?" என்று கேட்டுவிட்டு, கண்காணிப்பாளர் குரலைத் தாழ்த்தினார். "பதினோரு மாசம் தப்பான ஆளைக் கேட்டோம்னு வெளிய வந்தா, யார் கேட்டான்னு கேப்பாங்க. நீதான கேட்ட?"

5

அவர் என்ன செய்திருக்கலாம் என்று நானும் யோசித்தேன்.

மொட்டைக் கடிதம். எழுதிப் பார்த்தேன். "உங்கள் நலம் விரும்பி" என்று முடிந்ததும், எனக்கே காவல் நிலையத்துக்கு ஓடலாம் போலிருந்தது.

தெருத் தொலைபேசியிலிருந்து கூப்பிடுவது. டீச்சர் எடுக்க மாட்டார். இரவும் பகலும் அவர் பேச்சைக் கேட்க ஒரு அரசாங்கத்தால் முடிகிறது. அவரை ஒரு போனை எடுக்க வைக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியே மறுபடி கூப்பிடும் என்று விட்டுவிடுவது. இப்படி எழுதினால் கதை இங்கேயே முடிந்து நானும் தூங்கப் போயிருக்கலாம். ஆனால் அவர் தூங்கவில்லையே.

ஆக, அவர் செய்தது இது: ஒரு சனிக்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்து, டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்துகொண்டார்.

6

செவ்வாய் காலை ஏழு மணி, முதல் வகுப்பு. பயிற்சிக் காரில் டீச்சரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. மாணவர் ஏறியதும் இருவர் போனையும் அணைத்து, டாஷ்போர்டு பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிடுவது டீச்சரின் வழக்கம். இது ஐந்தாம் மேசைக்காரருக்கு நன்றாகத் தெரியும். ஊரிலேயே தம் அலுவலகம் எட்டிப்பார்க்க முடியாத இடம் அந்தச் சின்ன மாருதி கார்தான் என்று கணக்குப் போட்டுத்தான் வந்திருந்தார்.

"டீச்சர், உங்ககிட்ட ஒண்ணு—"

"சார், வாயை மூடிட்டுக் கண்ணாடியைப் பாருங்க."

பார்த்தார். ஒரு மணி நேரமும் பார்த்தார். சொல்ல வந்ததை அடுத்த வகுப்புக்கு ஒத்திவைத்தார்.

ஒன்பதரைக்கு மேசைக்கு வந்து ஹெட்போனை மாட்டினால், டீச்சர் அக்காவிடம் பேசிக்கொண்டிருக்கிறார்.

"புதுசா ஒருத்தர் வந்திருக்கார்க்கா. கையெல்லாம் அப்படி வேர்க்குது. ஆனா கிளட்ச் பத்திக் கேட்டா கடகடன்னு சொல்றார். நான் சொல்ற அதே வார்த்தை. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு."

"போன்ல பேரு என்ன போட்டு வச்சிருக்க?"

"செவ்வாய் வேர்வை."

பேசியவர் கட்டம் நிரம்பியது. சாரத்தில் என்ன எழுதுவது? நெடுநேரம் பேனாவை உருட்டிவிட்டு எழுதினார்: "புதிய மாணவர் ஒருவரைப் பற்றி. ஆண், நடுவயது, பயந்த சுபாவம். சந்தேகத்துக்கிடமில்லை." கடைசி வார்த்தையை ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பார்த்துக்கொண்டார்.

7

என் மனைவி இதுவரை படித்துவிட்டு, தாளைக் கீழே வைத்தாள்.

"அந்தம்மா கழுத்துல கட்டி இருக்குன்னு ஊருக்கெல்லாம் எழுதிட்டீங்களே, அவங்களைக் கேட்டீங்களா?"

"அவங்க கற்பனைப் பாத்திரம்."

"அந்த ஆபீஸ்லயும் இப்படித்தான், வெறும் நம்பர்னு சொல்லுவாங்க."

எனக்குச் சுருக்கென்றது. ஐந்தாம் மேசைக்காரராவது உத்தரவின் பேரில் ஒருவர் பேச்சைத்தான் கேட்டார். நான் அவர் சாப்பிடாததையும், தூங்காததையும், கை வேர்த்ததையும் எந்த உத்தரவும் இல்லாமல் எட்டிப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே இரண்டாம் வகுப்பின்போது நான் காருக்குள் ஏறவில்லை. மைதானத்துச் சுவரோரம் நின்றுகொண்டேன். கார் இரண்டு சுற்று வந்தது. மூன்றாவது சுற்றில் பாதியிலேயே நின்றுவிட்டது. கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. நெடுநேரம் கழித்து டீச்சர் இறங்கினார். கழுத்தில் கை வைத்தபடி காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஓட்டுநர் பக்கக் கதவருகே நின்று குனிந்து அவரையே பார்த்தார். அறைந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். பிறகு தம் பக்கமாகப் போய் ஏறிக்கொண்டார். கார் கிளம்பியது. திரும்புவதற்கு முன்னால் சிக்னல் விளக்கு ஒழுங்காக எரிந்தது.

8

மறுநாள் பத்து நாற்பது. டீச்சரின் எண்ணிலிருந்து ஆஸ்பத்திரிக்கு அழைப்பு. மணி அடிக்கத் தொடங்கியதுமே பதிவும் தொடங்கிவிடும். எதிர்முனை எடுப்பதற்கு முன்னால் டீச்சரின் குரல் கேட்டது. மாணவர்களிடம் பேசும் அதே குரல்.

"சார், நீங்க சொன்னதுக்கு ரொம்ப நன்றி. ஆனா இதை நான் தனியாக் கேட்டுக்கறேன்."

ஐந்தாம் மேசைக்காரர் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் கவிழ்த்து வைத்தார். ஒரு அழைப்பின் நடுவே கழற்றுவது பதினோரு மாதத்தில் இதுவே முதல்முறை. பக்கத்தில் ஆறாம் மேசைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். படிவத்தின் நான்காம் கட்டத்தில் இவர் எழுதினார்: "ஒன்றுமில்லை."

"அது எப்படி?" என்கிறாள் என் மனைவி. "ரிப்போர்ட்டுல என்ன இருந்துச்சு? நல்லபடியா இருக்குன்னு ஒரு வரி எழுதக் கூடாதா?"

எழுதலாம். பேனா என் கையில்தான் இருக்கிறது. ஆனால் டீச்சர் கேட்டுக்கொண்டது என் காதிலும் விழுந்தது. நானும் எழுந்துவிட்டேன். என் மனைவியும் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் யாரோ போனை எடுத்துவிட்டார்கள். ஹெட்போன் மேசைமேல் கிடக்கிறது. அதன் பக்கத்தில் இன்னும் உட்கார்ந்திருப்பவர் நீங்கள் ஒருவர்தான்.