திறக்கும் முன் கேட்கவும்

முப்பத்தோரு வருடம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்துவிட்டு ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வு பெற்று நான்கு வருடமாகியும் தெருவில் எல்லாருக்கும் அவர் செக்கர்தான். மனைவி பல் செட் செய்பவள். பின்னறையில் அவளுடைய மேசை, அரவைச் சக்கரம், மெழுகு உருக்கும் சின்ன அடுப்பு, அலமாரி நிறைய யார் யாருடைய ஈறுகளோ பிளாஸ்டர் அச்சுகளாக. பதினோரு பல் டாக்டர்கள் அவளுக்கு வேலை கொடுத்தார்கள். அச்சு ஆள் மூலம் வந்து சேரும். அளவுக் குறிப்பு, பல்லின் நிறம், வாயின் போட்டோ எல்லாம் மெயிலில் இணைப்பாக வரும்.

அவள் கை எந்நேரமும் பிளாஸ்டரில் கிடக்கும் என்பதால் மெயில் பார்ப்பது செக்கர் தலையில் விழுந்தது. கூடத்து ஜன்னலோரம் கம்ப்யூட்டர் இருந்தது. ஒவ்வோர் இணைப்பையும் திறக்கப் போகும்போது திரையில் ஒரு கட்டம் எழும்பும். இந்தக் கோப்பு உங்கள் கணினிக்குக் கேடு விளைவிக்கலாம், நம்பகமானவரிடமிருந்து வந்திருந்தால் மட்டும் திறக்கவும் என்று சொல்லும். உலகத்தில் மற்றவர்கள் அதைப் படிக்காமலே அழுத்திவிட்டுப் போவார்கள். செக்கர் படிப்பார். படித்து முடித்து, அனுப்பிய டாக்டருக்குப் போன் போட்டு, அனுப்பியது நீங்கள்தானா என்று கேட்பார். ஆமாம் என்றால் திறப்பார். டாக்டர் எடுக்காவிட்டால் எடுக்கும்வரை கோப்பு அப்படியே கிடக்கும்.

மூன்று மாதம் டாக்டர்கள் பொறுத்தார்கள். பிறகு ஒருவர் நேரடியாக அவளிடமே சொல்லிவிட்டார். ஒருவர் வாயில் கையை வைத்திருக்கும்போது ஒரு நாளைக்கு நாலு தடவை போன் வந்தால் எப்படி வேலை பார்ப்பது என்று கேட்டார். அவள் அதை வீட்டில் வந்து சொன்னபோது, கேட்டால் என்ன தப்பு என்றார் செக்கர். தப்பில்லை, ஆனால் பல் தாமதமாகிறது என்றாள் அவள்.

அவளுடைய தம்பி ஞாயிற்றுக்கிழமைதோறும் சாப்பிட வருவான். அலுவலகங்களுக்குப் பிரிண்டர் மை விற்பவன். கம்ப்யூட்டர் பக்கத்திலேயே நின்று பிழைக்கிறவன் ஆகையால் கம்ப்யூட்டரும் தெரியும் என்று குடும்பத்தில் ஒரு பேச்சு. அக்கா விஷயத்தைச் சொன்னதும் அவன் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தான். எச்சரிக்கைக் கட்டத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. இந்த வகைக் கோப்பைத் திறக்கும் முன் எப்போதும் கேட்கவும். அதன் பக்கத்திலிருந்த டிக்கை எடுத்துவிட்டான். வகைக்கு ஒன்றாக நாலைந்து இணைப்பைத் திறந்து அத்தனையிலும் டிக்கை எடுத்தான். ஐந்து நிமிட வேலை. அக்கா அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

அதன்பிறகு இணைப்புகள் தொட்டால் திறந்தன. செக்கருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் கேள்வி வராத இடத்தில் பதில் தேடிப் போக முடியாது. ஆகவே அவர் போன் போடுவதை நிறுத்தினார். டாக்டர்களும் அவளிடம் நலம் விசாரிக்க ஆரம்பித்தார்கள்.

ஐந்து வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், அவள் ஒரு பல் செட்டை மாட்டிப் பார்க்க டாக்டர் வீட்டுக்குப் போயிருந்தாள். செக்கர் மெயில் பார்த்தார். முன்பின் தெரியாத ஒரு முகவரியிலிருந்து வந்திருந்தது. தலைப்பு: உங்கள் படம் இணைக்கப்பட்டுள்ளது. செக்கர் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு தொட்டார். வெள்ளையாக ஒரு பக்கம் வந்து, தானே மூடிக்கொண்டது. படம் எதுவும் இல்லை. சரி, அனுப்பியவருக்கு அனுப்பத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு அவர் காபி போடப் போனார்.

மாலைக்குள் போன் அடிக்கத் தொடங்கியது. அவளுடைய முகவரியிலிருந்து பதினோரு டாக்டர்களுக்கும், பிளாஸ்டர் சப்ளை செய்கிறவருக்கும், தம்பிக்கும் அதே மெயில் போயிருந்தது. உங்கள் படம் இணைக்கப்பட்டுள்ளது. பல் செட் செய்யும் அம்மா அனுப்பியதாயிற்றே என்று நம்பி ஏழு டாக்டர்கள் திறந்துவிட்டார்கள். ஒருவருடைய கம்ப்யூட்டர் இரண்டு நாள் எழுந்திருக்கவே இல்லை. நோயாளிகளின் எக்ஸ்ரே எல்லாம் அதற்குள் மாட்டிக்கொண்டதால், எந்தப் பல்லைப் பிடுங்குவதென்று நோயாளியையே கேட்க வேண்டியதாயிற்று என்றார்.

அவள் கணவனிடம் இது எப்படி வந்தது என்று கேட்டாள்.

"உன் தம்பி அந்த வார்னிங்கை எடுத்துட்டான்ல" என்றார் செக்கர்.

சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. முழு உண்மையும் இல்லை, அவ்வளவுதான். அவள் அங்கேயே நின்றபடி தம்பிக்குப் போன் போட்டு, இனிமேல் என் வீட்டில் எதையும் தொடாதே என்றாள். அதை அவன் இனிமேல் வராதே என்று எடுத்துக்கொண்டான். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. அவள் பதினோரு டாக்டர்களையும் நேரில் போய்ப் பார்த்து, தம்பி செய்த கோளாறு என்று சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாள். அப்படியும் இரண்டு பேர் வேலை அனுப்புவதை நிறுத்திவைத்தார்கள்.

கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்யக் கடைத்தெருவிலிருந்து பழுது பார்க்கும் அம்மாள் வந்தாள். மூக்கின் நுனியில் கண்ணாடி, தோளில் பை, அதிகம் பேசாத வாய். ஒரு மணி நேரம் தட்டிப் பார்த்துவிட்டு, வந்த வழியைக் கண்டுபிடித்துவிட்டேன் என்றாள்.

"செவ்வாக்கிழமை ரெண்டே முக்காலுக்கு யாரோ தொறந்திருக்காங்க."

"அப்படியா" என்றார் செக்கர்.

பின்னறையில் அரவைச் சக்கரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் கண்ணாடிக்கு மேலாக அவரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு திரைக்குத் திரும்பினாள்.

எச்சரிக்கையைத் திரும்ப வரவைக்க வேண்டும் என்றார் செக்கர். அதில்தான் சிக்கல் என்றாள். டிக் போடுகிற இடம் எச்சரிக்கைக் கட்டத்துக்குள் இருக்கிறது, எச்சரிக்கைக் கட்டமோ டிக் இல்லாததால் வருவதில்லை. பெட்டிக்குள் சாவியை வைத்துப் பூட்டின கதை. ஆனால் வேறு வழி இருந்தது. அமைப்புகளுக்குள் போனால் கோப்பு வகைகளின் பட்டியல் ஒன்று வரும். ஒவ்வொரு வகையாகத் தேர்ந்தெடுத்து உள்ளே போய், திறக்கும் முன் கேட்கவும் என்பதற்கு டிக் போட வேண்டும். ஒன்றைச் செய்து காட்டினாள். மற்றவற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

பட்டியலில் முன்னூற்றுப் பன்னிரண்டு வகைகள் இருந்தன. மச்சினன் எடுத்தது நாலைந்துதான், எவை என்று அவனைக் கேட்டால் தெரிந்துவிடும். செக்கர் கேட்கவில்லை. முதல் வகையிலிருந்து ஆரம்பித்தார். எதையும் தாண்டவில்லை. முன்னால் ஏறி ஒவ்வோர் இருக்கையாகப் பின்னால் போகிற பழைய நடைதான். அவற்றில் அவருக்குப் பெயர் தெரிந்தவை ஒன்பது. மற்றவை எல்லாம் மூன்றெழுத்து நான்கெழுத்து ஆசாமிகள், எங்கே ஏறினார்கள் எங்கே இறங்குவார்கள் என்று தெரியாதவர்கள். ஏற்கெனவே டிக் இருந்தவற்றையும் திறந்து பார்த்து, இருக்கிறதென்று உறுதி செய்துகொண்டு மூடினார். இரண்டு பகல் ஆயிற்று. கழுத்து ஒரு பக்கமாகத் திரும்ப மறுத்தது.

மூன்றாம் நாள் காலை ஒரு டாக்டரிடமிருந்து அளவுக் குறிப்பு வந்தது. செக்கர் தொட்டார். கட்டம் எழும்பியது. நம்பகமானவரிடமிருந்து வந்ததா என்று கேட்டது. அவருக்குத் திருப்தி வந்திருக்க வேண்டும், வரவில்லை. கட்டத்தை அப்படியே விட்டுவிட்டுப் பின்னறைக்குப் போனார்.

அவள் ஒரு கீழ்த்தாடைக்குப் பல் வைத்துக்கொண்டிருந்தாள். கடைவாயில் இரண்டு பாக்கி.

"அதைத் தொறந்தது நான்தான்" என்றார்.

அவள் மெழுகுக் கத்தியைக் கீழே வைத்தாள்.

"எதை?"

"அந்த மெயிலை. நீ வெளிய போயிருந்தப்ப."

"எதுக்குத் தொறந்தீங்க?"

"என் படம்னு போட்டிருந்துச்சு."

"யார் அனுப்புனது?"

"தெரியாது."

"யாருன்னே தெரியாதவங்க கையில உங்க படம் எப்படி வரும்னு யோசிக்கலையா?"

"யோசிச்சேன்" என்றார் செக்கர். "ரிட்டையராகுற அன்னைக்கு டிப்போல யார் யாரோ போட்டோ எடுத்தாங்க. ஒருத்தரும் ஒண்ணும் குடுக்கல. அதுவா இருக்கும்னு பார்த்தேன்."

அவள் அந்தத் தாடையை எடுத்து விளக்குக்கு நேராகத் திருப்பினாள். கோபமா என்று அவருக்குத் தெரியவில்லை. முப்பத்தோரு வருடத்தில் எத்தனையோ பேர் அவர் முன்னால் பாக்கெட்டைத் துழாவிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். அப்போது அவர் முகத்தில் என்ன இருந்திருக்கும் என்று முதல் தடவையாக யோசித்தார். நல்லதாக ஒன்றும் தோன்றவில்லை.

"அவனைப் பதினோரு வீட்ல திட்டிட்டு வந்திருக்கேன்" என்றாள் கடைசியில். கத்தியை எடுத்து மற்ற இரண்டு பற்களையும் வைத்து முடித்தாள். அன்று முழுவதும் அவருடன் பேசவில்லை. சாப்பாடு மட்டும் நேரத்துக்கு வந்தது.

சாயங்காலம் செக்கர் மச்சினன் வீட்டுக்கு நடந்தே போனார். கதவைத் திறந்தவன் ஒரு கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டிருந்தான். செக்கர் நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். செவ்வாய்க்கிழமை, ரெண்டே முக்கால், உங்கள் படம், எல்லாம்.

"படம் நல்லா இருந்துச்சா அத்தான்?"

"படமே இல்ல."

"எனக்கும் வந்துச்சு" என்றான். "அக்காதான் பழைய போட்டோ ஏதோ அனுப்பியிருக்குன்னு தொறந்தேன். ஆபீஸ் கம்ப்யூட்டர்ல."

பிறகு செக்கர் கன்னத்துக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். கடைவாய்ப் பல், மூன்று வாரமாக வலி, தண்ணீர் குடித்தால் உச்சிக்கு ஏறுகிறது என்றான். டாக்டரிடம் போகவில்லையா என்றதற்கு, எந்த டாக்டரிடம் போவது, எல்லாரும் அக்காவுக்குத் தெரிந்தவர்கள், எல்லாருக்கும் நான்தான் வைரஸ் என்றான். கிளம்பு என்றார் செக்கர். வெளியே தூறல், அவன் குடையை எடுத்துக்கொண்டான்.

வீட்டில் அவள் தம்பியின் கன்னத்தைத்தான் முதலில் பார்த்தாள். வேலை மேசை விளக்குக்குக் கீழே உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொன்னாள். ஊருக்கெல்லாம் பல் செய்பவள், தம்பி வாய்க்குள் இப்படி ஒன்று இருப்பது தெரியாமல் இருந்துவிட்டாளே என்பது அவள் முகத்தில் தெரிந்தது. இது நான் பார்க்கிற வேலை இல்லை, இன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும் என்றாள். வாயை மூடச் சொல்ல மறந்துவிட்டாள். அவன் திறந்தபடியே இருந்தான்.

வேலை அனுப்புவதை நிறுத்திவைத்திருந்த இரண்டு டாக்டர்களில் ஒருவர்தான் பக்கத்தில் இருந்தவர். அவள் அவருக்கே போன் போட்டாள். தம்பியை அனுப்புகிறேன், ஏழு மணிக்குள் பார்க்க முடியுமா என்று கேட்டாள். அந்த மெயில் வைரஸைக் கொண்டுவந்த தம்பியா என்று அந்தப் பக்கம் கேட்டார்கள். அவள் தம்பியைப் பார்த்தாள், பிறகு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த கணவனைப் பார்த்தாள்.

"இல்ல டாக்டர், இவன் இல்ல" என்றாள். "அது எங்க வீட்டுக்காரர். அவரும்தான் கூட வர்றார்."

செக்கர் வார் மாட்டி முடித்து நிமிர்ந்தார். வர முடியாது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. பிறகு மச்சினனுடைய குடையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு படி இறங்கினார்.