வரேன் என்றவருக்கு விடை

அகராதி அலுவலகத்தில் அவளை எல்லோரும் சொல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நாம் தினமும் வாயில் போட்டு மெல்லுகிற சாதாரணச் சொற்கள் பழைய இலக்கியத்தில் எங்கெங்கே, என்ன பொருளில் வருகின்றன என்று தேடி எடுப்பது அவள் வேலை.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரு சாயங்காலம், எங்கோ மாடிக் கட்டடத்தில் ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள் என்று போன் வரவும், பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். மாட்டியவர்களை வெளியே எடுத்துவிட்டு, படியிறங்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

அந்தத் துக்கம் ஆறுவதற்குள் குரல் கேட்க ஆரம்பித்தது. சாயங்காலம் அவள் வேலை முடிந்து வந்து முகம் கழுவும் நேரம், வாசல் பக்கமிருந்து, "வரேன்." அவ்வளவுதான். அவருடைய குரல். கொஞ்சம் அவசரம், கொஞ்சம் கரகரப்பு.

முதல் நாள் ஈர முகத்தோடு ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். மாடிப்படியில் யாரும் இல்லை. முன்னறையில் தையல் மெஷினில் இருந்த நாத்தனார் தலையைத் தூக்கினாள். "என்ன அண்ணி, யாராவது வந்தாங்களா?"

"உனக்குக் கேக்கலையா?"

"எனக்கு இந்த மெஷின் சத்தமே காதைப் பிய்க்குது. எனக்கென்ன கேக்கும்?"

பிறகு அவள் யாரிடமும் சொல்லவில்லை. பயமும் இல்லை. வருகிறேன் என்றுதானே சொல்கிறார்? வரட்டும். அந்தக் குரலுக்காகவே அடித்துப் பிடித்து பஸ் ஏறி வீட்டுக்கு வந்தாள். முகத்தில் பழைய களை திரும்பியதைப் பார்த்து, "அண்ணி தேறிட்டாங்க" என்று நாத்தனாரும் நிம்மதிப்பட்டாள்.

அலுவலகத்தில் 'வா' என்ற சொல்லுக்கான பதிவு முடியும் தறுவாயில் இருந்தது. ஒருநாள் தலைமைப் பதிப்பாசிரியர், அவர்கள் எல்லோருக்கும் பெரிய சார், அவள் மேஜைக்கு வந்தார்.

"எல்லாம் நல்லா இருக்கு. ஆனா, கிளம்பும்போது 'வரேன்'னு சொல்றோமே, அதை விட்டுட்டீங்களேம்மா? போறவன்தானே அப்படிச் சொல்றான்?"

அவளுக்குச் சுருக்கென்றது. குழந்தைக்குக்கூடத் தெரிந்த வழக்கு. தன் கண்ணுக்கு மட்டும் எப்படித் தப்பியது?

அலமாரியிலிருந்து பழைய நாடகங்களையும் கதைப்பாடல்களையும் இறக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். போருக்குக் கிளம்பும் ஒருவன் தாயிடம் வருகிறேன் என்கிறான். கப்பலேறும் வணிகன் மனைவியிடம் அதையே சொல்கிறான். சொன்னவர்கள் யாரும் உடனே நகர்வதில்லை. வீட்டில் இருப்பவர் 'போய் வா' என்று ஒரு வார்த்தை சொன்ன பிறகுதான் கால் எடுத்து வைக்கிறார்கள். பழையவர்கள் அதற்கு விடை கொடுத்தல் என்று பேர் வைத்திருந்தார்கள். இன்று கேள்விக்குப் பதில் என்ற அளவில் சுருங்கிப்போன சொல் அங்கே வாசலைத் திறந்துவிடும் சொல்லாக இருந்தது. ஒரு கதைப்பாடலில், விடை கிடைக்காதவன் பொழுது சாய்ந்தும் வாசலிலேயே நிற்கிறான்.

அவள் புத்தகத்தை மூடினாள். தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

"அன்னைக்கு உங்க அண்ணன் கிளம்பும்போது என்ன சொன்னார்?"

நாத்தனார் துணியை மடியில் இறக்கினாள். "வரேன்னு சொன்னான். நீங்க உள்ள தலைக்குக் குளிச்சிட்டு இருந்தீங்க, குழாய் சத்தம். ரெண்டு தடவை சொன்னான் அண்ணி. கொஞ்ச நேரம் செருப்பை மாட்டிக்கிட்டு நின்னுகூடப் பாத்தான். நான்தான், 'அண்ணிகிட்ட நான் சொல்லிக்கிறேன், நீ கிளம்பு'ன்னு விரட்டினேன்."

அன்று குரல் கேட்டபோது சொல்லக்கா வாயை இறுகப் பொத்திக்கொண்டாள். சொல்லிவிட்டால் போய்விடுவாரே! மறுநாளும் பொத்திக்கொண்டாள். அதற்கு மறுநாளும். நிற்கட்டும், என் வாசலில்தானே நிற்கிறார் என்று மனத்தைக் கல்லாக்கிக்கொண்டாள். ஆனால் குரல் நாளுக்கு நாள் தேய்ந்தது. கால் கடுக்க நிற்கிறவரின் குரலாக ஆனது. ஒருநாள் "வரேன்" என்பதற்குள் மூச்சு வாங்கியது.

அவளால் தாங்க முடியவில்லை. ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி வாசலுக்கு வந்தாள். போங்க என்று சொல்ல நாக்கு எழவில்லை. நல்லவேளை, மொழியே அதற்கு வேறு வழி வைத்திருந்தது.

"போயிட்டு வாங்க," என்றாள்.

பைக்குள் ஸ்பானர்கள் உரசும் சத்தம். படிகளில் செருப்புச் சத்தம், நிதானமாக, கீழே, இன்னும் கீழே.

தையல் மெஷின் நின்றது. நாத்தனார் வெளிறிய முகத்தோடு எழுந்து வந்தாள். "அண்ணி... யாரு படியில இறங்கறது?"

சொல்லக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சத்தம் அடங்கும்வரை இருவரும் அப்படியே நின்றார்கள்.

அதன் பிறகு குரல் வரவில்லை. செய்தது சரிதான் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் சில சாயங்காலங்களில், இன்னும் ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமோ என்று தோன்றும். அப்போதெல்லாம், குரல் கேட்காததற்கு அந்தச் சத்தமே காரணமாக இருக்கட்டும் என்று, குழாயை வேண்டுமென்றே பெரிதாகத் திறந்துவிடுவாள்.