மணல்ல நொண்டின குருவி

ராத்திரி ஒரு மணிக்கு ஷார்லின் தன்னோட அண்ணன் ஷானை உலுக்கி எழுப்பினா. "அண்ணே, நான் ஒரு குருவியோட ரெக்கைய மிதிச்சு ஒடிச்சிட்டேன்."

சாயங்காலம் தெலுக் ஆயிர் தாவார் கடற்கரைக்குப் போயிருந்தா. குருத்தோலை ஞாயித்துக்கு வீட்டு மாதா படத்துக்கு வைக்க, மணல்ல படர்ந்து கிடந்த ஊதாக் கொடிப்பூவைப் பறிச்சா. திடீர்னு காலடியில ஒரு சின்னக் குருவி கத்திக்கிட்டே ரெக்கைய இழுத்து நொண்டுச்சு. பயத்துல ஓடி வந்துட்டா.

"மாதாவுக்குப் பூப்பறிக்கப் போய் கொலைகாரி ஆயிட்டியா? தூங்கு லா"ன்னு கிண்டல் பண்ணினாலும், விடிஞ்சதும் ஷானே மோட்டார் சைக்கிள்ல கூட்டிட்டுப் போனான்.

குருவி அங்கதான் இருந்துச்சு. ரெக்கையத் தொங்கப் போட்டு நொண்டிக்கிட்டே முன்னால போச்சு. ரெண்டு பேரும் பின்னாலயே நடந்தாங்க. ஐம்பதடி தாண்டினதும் ஜிவ்வுனு பறந்து, அந்தப் பூக்கொடிகிட்டயே திரும்பிப் போச்சு.

"அடிப்பாவி! நம்மள ஏமாத்தி தூரமா இழுத்துட்டு வந்திருக்கு லா!" ஷான் வாயப் பொளந்தான்.

ஷார்லின் போன்ல பெருசாக்கிப் பார்த்தா. குருவி உட்காரப் போன இடத்துல மணல் நிறத்துல மூணு முட்டை.

"ரெக்கையும் முழுசு அண்ணே, முட்டையும் முழுசு!" அவ குதிச்சா.

"கத்தாத டி, மறுபடியும் நொண்ட ஆரம்பிச்சிடும்!"