குசினி வண்டிலுக்கு ரயர்

வண்டிக்கு ரயர் விற்கிறவனையும் பல்லுப் பிடுங்குகிறவனையும் நம்பக்கூடாது என்பது செபமாலையரின் கொள்கை. இரண்டு பேரும் குனிந்து உள்ளே பார்ப்பார்கள், நெற்றியைச் சுருக்குவார்கள், பிறகு மாத்தத்தான் வேணும் என்பார்கள். "நல்லாயிருக்கு, வீட்டை போ" என்று சொன்ன ஒருவனை அவர் தன்ரை அறுபத்தாறு வயதுவரை காணவில்லை.

அப்படிப்பட்ட மனிசன்தான் ஆவணி மாதத்து வியாழக்கிழமைக் காலமை, மொன்றியல் சென்ட் லோரன்டில் ஒரு ரயர் கடை வாசலில் தன்ரை பழைய வான் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினார். வானுக்குப் பின்னால் ஒரு ரூலோத். கட்டில், மேசை, அடுப்பு, தண்ணித்தொட்டி எல்லாம் உள்ள, சில்லுப் பூட்டிய சின்ன வீடு. கியூபெக்காரர் கோடை வந்தால் அதை இழுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போவார்கள். செபமாலையருக்கு அந்தப் பேர் வாயில் நிற்காது. வண்டில் என்பார்.

வானின் முன்சீற்றில் மனைவி அக்னெஸ், மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு இருந்தா. கடைக்கு வரவைத்தது அவதான். "ஆரும் ஒரு ஆள் அந்த ரயரைப் பாத்துச் சரியெண்டு சொன்னால்தான் நான் சட்டி ஏத்துவன்" என்று ஒரு கிழமையாய் ஒரே பாட்டு. கடைசியில் சட்டியையும் ஏற்றிவிட்டா, பாட்டையும் நிறுத்தவில்லை.

வண்டில் வந்த கதையைச் சொல்லவேணும். மாதா திருநாளுக்கு அடுத்த சனிக்கிழமை மொன்றியல் தமிழ்ச் சனம் கப் த லா மத்லேன் மாதா கோயிலுக்குப் போகும். பூசை முடிய எல்லாருக்கும் சாப்பாடு. வருசக்கணக்காய் அந்தச் சமையல் பிலோமினம்மாவின் கையில் இருந்தது. அவவுக்கு முழங்கால் ஏலாமற்போக, போன வருசம் கரண்டி அக்னெஸிடம் வந்தது. அக்னெஸ் பதினொரு வருசமாய் டவுன்டவுனில் ஒரு ரெஸ்ரோரன்ட் குசினியில் சட்டி கழுவுகிறா. மற்றவன் சமைத்த சட்டி. குழம்பில் உப்பில்லை என்று மணத்திலேயே தெரிந்தாலும் வாய் திறக்க உரிமை இல்லை. அப்படிப்பட்டவவுக்கு நூற்றுக்கணக்கான சனத்துக்குச் சமைக்கக் கிடைத்தது.

மழை பெய்தது. மேலே கட்டின தறப்பாள் தண்ணி தாங்காமல் இறைச்சிக் குழம்புக்குள் இறங்கியது. சனம் பாணும் வாழைப்பழமும் சாப்பிட்டுவிட்டு, பரவாயில்லை அக்கா, பரவாயில்லை என்றது. திரும்பி வரும் வழி முழுக்க அக்னெஸ் ஒரு வார்த்தை பேசவில்லை. செபமாலையர் ரேடியோவைப் போட்டார், நிறுத்தினார், பிறகும் போட்டார். பனி விழமுதல், பக்கத்து வளவில் மேப்பிள் மரத்துக்குக் கீழே சும்மா கிடந்த வண்டிலை வாங்கிவிட்டார். ஏன் வாங்கினனீங்கள் என்று கேட்டவர்களுக்கு, மலிவாய்க் கிடந்தது என்றார். அக்னெஸ் கேட்கவில்லை. கூரையைத் தட்டிப் பார்த்தா, ஒழுகுதோ என்று.

இந்த முறையும் கரண்டி அவவின் கையில். சாமியாரிடம் தானே போய்க் கேட்டு வாங்கினா. இதுவும் பிழையாய்ப் போனால் அடுத்த வருசம் அது வேறொருவருக்குப் போய்விடும் என்று எல்லாருக்கும் தெரியும். சனிக்கிழமை விடிய வெளிக்கிட வேணும்.

கடையில் செலீன் என்று ஒரு பொம்பிளை. நாற்பது வயது இருக்கும், கையெல்லாம் கறுப்பு. வெளியே வந்து குந்தியிருந்து ரயரைப் பெருவிரலால் அழுத்தினாள்.

"மாத்தவேணும்," என்றாள்.

செபமாலையர் அக்னெஸைப் பார்த்தார். சொன்னனானே என்ற பார்வை.

"பல்லு ஒண்டும் தேயேல்லை," என்றார். அவருடையது தொழிற்சாலைப் பிரெஞ்சு. வினைச்சொல் குறைவு, கைகால் ஆட்டுதல் கூட. "ஓடினதே இல்லை. புது ரயர் மாதிரி."

"ஓடாததுதான் பிழை, முசியு. இது தேய்ஞ்சு சாகிற ரயர் இல்லை. நிண்டு நிண்டு காய்ஞ்சு சாகிற ரயர். விலாவிலை பாருங்கோ, வெடிப்பு."

"அது ஊத்தை."

அக்னெஸ் வானைவிட்டு இறங்கி வந்து, கொண்டையிலிருந்து ஒரு ஊசியைக் கழற்றினா. ரயரின் விலாவில் இருந்த கோட்டில் வைத்துத் தள்ளினா. ஊசி பாதிக்குப் போய் நின்றது.

"ஊத்தை ஆழமாத்தான் இருக்கு," என்றா தமிழில்.

செபமாலையர் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார். "சரி. புரோசார்டிலை எங்கடை இரவிச்சந்திரன் நாலு கார் ரயர் வைச்சிருக்கிறான். அளவு ஒண்டுதான். அதைப் போடன்."

"போடமாட்டன்."

"ஏன்? உன்ரை கடையிலை வாங்கேல்லை எண்டோ?"

"காரிலை முன்சில்லு வளைவுக்குத் திரும்பிக் குடுக்கும். உங்கடை வண்டில் சில்லு திரும்பாது. வளைவிலை பக்கவாட்டா அரைபட்டு இழுபடும். கார் ரயரின்ரை விலா மெத்து, இதைத் தாங்காது, வண்டில் பாம்பு மாதிரி நெளியும். இழுக்கிற வண்டிக்கெண்டு தனி ரயர் இருக்கு. அதிலையும் பாரத்துக்குத் தக்கன வேற வேற. அதாலை நீங்கள் சொல்லவேணும், எவ்வளவு பாரம் ஏத்துவியள்?"

இந்தக் கேள்வியை அவரிடம் ஆர்தான் கேட்கவில்லை? யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் லொறி ஓடின காலத்தில் பொலிசுக்காரன் கேட்டான். பிறகு ஆனையிறவில் ஆமிக்காரன் கேட்டான். எவன் கேட்டாலும் மறுமொழி ஒன்றுதான்: ஏற்றினதில் கால்வாசியைச் சொல்லு, மிச்சத்துக்கு முகத்தைச் சும்மா வைத்திரு. பாரத்தைக் கேட்கிறவன் ஒன்றைப் பிடுங்கத்தான் கேட்கிறான். அக்னெஸுக்கும் அந்தப் பழக்கம் இருந்தது. அவர் சொல்லுகிற நேரம் அவ வேறெங்காவது பார்ப்பா.

"ரெண்டு பேர்," என்றார் செபமாலையர். "கொஞ்சம் உடுப்பு."

அக்னெஸ் மேகத்தைப் பார்த்தா.

செலீன் வண்டிலைப் பார்த்தாள். பின்பக்கம் குந்திக்கொண்டு நின்றது. பாரம் தாங்குகிற வில்லுத்தகடு நிமிர்ந்து நேராகி, சினைமாட்டின் வயிறு மாதிரி அடித்தட்டு சில்லோடு முட்டப் பார்த்தது. அவள் எழும்பிக் கையைத் துடைத்தாள். உள்ளே போய்ச் சின்ன ரயர் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தாள்.

"ரெண்டு பேருக்கும் உடுப்புக்கும் இது தாராளம். மலிவும்."

செபமாலையர் விலை கூடினதைத் தலையில் கட்டுவார்கள் என்று ஆயத்தமாய் வந்தவர். அதற்கு வீட்டிலிருந்தே நாலைந்து மறுமொழி அடுக்கிக் கொண்டுவந்திருந்தார். மலிவானதை எடு என்று ஒரு கடைக்காரி சொன்னால் என்ன சொல்கிறது என்று அவர் யோசித்ததே இல்லை.

"கொஞ்சம் பெரிசு?" என்றார்.

"இருக்கு. உங்களுக்கு எதுக்கு?"

"விருந்தாளி வந்தால்?"

"எத்தினை பேர்?"

"ஒரு ஆள்."

"மெலிஞ்ச ஆளோ?"

"நடுத்தரம்."

"அதுக்கும் இது காணும்."

செபமாலையர் ரயரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். அக்னெஸ் மேகத்தை விட்டுவிட்டு, சமையலறையில் பழகின பிரெஞ்சில், மெல்ல, "கொஞ்சம் அரிசி இருக்கு," என்றா.

"வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரு."

"நீங்கள் சும்மா இருங்கோ. ரயர் வெடிச்சா அரிசி றோட்டிலை." செலீன் பக்கம் திரும்பினா. "அரிசி ரெண்டு மூட்டை. பருப்பு. எண்ணெய் ஒரு வாளி."

"காஸ் சிலிண்டர் ரெண்டு," என்றார் செபமாலையர், இனி ஒளித்து என்ன என்று.

"பெரிய சட்டி நாலு. மூடியோடை."

"இருக்க வாங்கு, மேசை."

"வெங்காயம். கிழங்கு. பிறகு பிலோமினம்மாவின்ரை இடியப்பத் தட்டுகள், அது பாரமில்லை."

செலீன் கல்குலேற்றரில் தட்டிக்கொண்டே, "உடுப்பு?" என்றாள்.

"உடுப்பு இன்னும் ஏத்தேல்லை," என்றா அக்னெஸ்.

செலீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கைலேஞ்சியால் வாயைத் துடைக்கிற மாதிரி மறைத்தாள். "நீங்கள் ரெண்டு பேரும் சொல்லுறதை நான் நம்பேல்லை, கோவிக்காதேங்கோ. பின்தெருவிலை பழைய இரும்புக்கடை இருக்கு. அங்கை லொறி நிறுக்கிற தட்டு இருக்கு. வண்டிலைத் தனியாக் கழட்டி விட்டு நிறுப்பம். நானும் வாறன்."

நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்ன ஆளைச் செபமாலையருக்குக் கொஞ்சம் பிடித்துப்போனது. அதைக் காட்டவில்லை.

இரும்புக்கடைப் பேனாட் கிழவன் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து தராசு முள்ளைப் பார்த்தான். செலீன் தன்ரை கணக்கைச் சொன்னாள். அவன் தலையை ஆட்டிவிட்டு, அதைவிட மூன்று தடித்த மனிசரின் பாரம் கூட இருக்குது என்றான். "உள்ளுக்கை ஆரையும் எல்லை கடத்துறியளோ?"

"எனக்கு விளங்கேல்லை," என்றார் செபமாலையர். அது அவருக்கு நன்றாய் விளங்கியது.

செலீன் வண்டில் கதவோரம் அடித்திருந்த, ஏற்றக்கூடிய பாரம் எழுதின தகட்டைத் தடவி வாசித்தாள். "என்னட்டை இருக்கிறதிலை தடிச்ச ரயர் இந்தப் பாரத்தைத் தாங்கும். ஆனால் அச்சு தாங்காது, நீங்கள் சொன்ன பாரமே அதுக்கு மட்டுமட்டு. அது நான் விக்கிற சாமான் இல்லை. மூண்டு ஆளின்ரை பாரமும் இறங்கவேணும். இறக்காமல் நான் ரயர் பூட்டமாட்டன். வேறை கடை பாருங்கோ." சொல்லிவிட்டுப் பேனாட்டோடு கதைக்கப் போய்விட்டாள்.

செபமாலையர் கதவைத் திறந்து உள்ளே ஏறினார். கள்ளனைப் பிடிக்கப் போகிறவர் மாதிரி, சுவரோரம் இருந்த வாங்கின் பலகை மூடியைத் தூக்கினார். அகப்பட்டது. சொல்லாத அரிசி மூட்டை ஒன்று, ரின்மீன் பெட்டி, தேங்காய்ப்பால் ரின்கள் அடுக்கடுக்காய்.

"இதென்ன?"

"காணாமப் போனா?" என்றா அக்னெஸ்.

"ரெண்டு மூட்டை காணுமெண்டு நீதானே சொன்னாய்."

"சொன்னனான். போன வருசம் சனம் பசியோடை போனது. இந்த வருசம் ஒரு ஆள் இன்னொருக்காக் கேட்டு நான் இல்லையெண்டு சொல்லமாட்டன்." சொல்லிக்கொண்டே கட்டில் பலகையின் நுனியில் பிடித்துத் தூக்கினா. "அது கிடக்கட்டும். இதென்ன?"

கட்டிலுக்குக் கீழே இரும்புப் பெட்டி. அதுக்குள் நட்டுத் திருகுகிற சாவிகளும் சுத்தியலும். பக்கத்தில் வண்டியைத் தூக்கி நிறுத்துகிற லொறி ஜக் இரண்டு, சங்கிலி ஒரு குவியல், பற்றரி, சில்லுக்கு முட்டுக் கொடுக்கிற மரக்குத்திகள், மேசையில் பூட்டுகிற ஒரு பெரிய இடுக்கி.

"வழிக்கு," என்றார்.

"எந்த வழிக்கு? ரெண்டு மணித்தியால ஓட்டம். வழி முழுக்க வண்டி திருத்துற கராச்."

"கராச்சுக்காரனை நம்பேலுமோ?"

"உங்கடை இந்த நம்பிக்கையில்லாமை எத்தினை கிலோ எண்டு பேனாட்டிட்டைக் கேளுங்கோ."

அவர் இடுக்கியைத் தன்ரை பக்கம் இழுத்தார். அதைத் தொழிற்சாலை வேலையை விட்ட நாளில் கொண்டுவந்தவர். அது இல்லாமல் எங்கேயும் போனதில்லை, மகன் தோமிநிக்கின் கலியாண வீட்டுக்குக்கூட வான் பின்சீற்றில் கிடந்தது.

அக்னெஸ் கட்டில் பலகையைக் கீழே விட்டா. பிறகு குனிந்து, அந்த மூன்றாவது அரிசி மூட்டையின் காதில் பிடித்து வாசலை நோக்கி இழுக்கத் தொடங்கினா. முறைக்கவில்லை, முணுமுணுக்கவில்லை. முகம் சும்மா இருந்தது. போன வருசம் கப் மாதா கோயிலிலிருந்து மொன்றியல்வரை வானில் பக்கத்தில் இருந்த அதே முகம்.  இந்த முகத்தோடு இன்னொரு வழி ஓடுகிறதை விட, நடு றோட்டில் வண்டிலின் இரண்டு சில்லும் கழன்று விழுகிறது பரவாயில்லை என்று செபமாலையர் நினைத்தார்.

"அதை வை," என்றார்.

"பாரம் எண்டு சொல்லுறாள்."

"வை எண்டிறன். முதுகை முறிச்சுப்போட்டுச் சனிக்கிழமை ஆர் கிண்டுறது?"

ஜக் இரண்டையும் தானே தூக்கிக்கொண்டு இறங்கினார். பிறகு சங்கிலி. பிறகு மரக்குத்திகளும் பற்றரியும். இரும்புப் பெட்டிக்குப் பேனாட்டையும் கூப்பிடவேண்டி வந்தது. இடுக்கியைக் கடைசியாய் எடுத்து, கொஞ்சநேரம் கையில் வைத்திருந்து, மற்றதுகளுக்கு மேலே வைத்தார். பேனாட் திரும்பவும் நிறுத்தான். தகட்டில் இருந்ததுக்கு உள்ளே வந்துவிட்டது. மீன்பெட்டியும் அரிசியும் அசையவில்லை.

செலீன் தன்ரை கடைப் பின்னறையில் இரும்பை வைத்திருக்கச் சம்மதித்தாள். செபமாலையர் பூட்டைப் பார்த்தார், யன்னலைப் பார்த்தார், அந்தப் பூட்டின் திறப்பு எத்தினை பேரிடம் என்று கேட்டார். பெட்டியைத் திறந்து சாவிகளை அவளுக்கு முன்னால் ஒவ்வொன்றாய்க் காட்டினார். "ஞாயிறு வருவன்," என்றார். "ஞாயிறு பூட்டு, முசியு." "அப்ப திங்கள், நீ திறக்கமுதல் வந்து நிப்பன்." "தெரியும்," என்றாள் அவள்.

தடித்த ரயர் இரண்டும், மேலதிகமாய் ஒன்றும். பூட்டும்போது அவர் பக்கத்திலேயே குந்தியிருந்தார். நட்டு இறுக்கி முடிய அவளிடம் சாவியை வாங்கி ஒவ்வொன்றாய்த் தானும் இழுத்துப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. அவருக்கு அது கொஞ்சம் ஏமாற்றம்தான். காற்றழுத்தம் ரயரில் அச்சடித்த அளவுக்கு முழுக்க இருக்கவேணும், குளிரோடை பாருங்கோ, சூட்டோடை பாத்தால் பிழையாக் காட்டும் என்று அவள் சொன்னதை மட்டும் மறுபேச்சில்லாமல் கேட்டார்.

வெளிக்கிட்டார்கள். வளைவில் அவர் கண்ணாடியைப் பார்த்தார். வண்டில் நெளியாமல், சொன்ன சொல் கேட்டு, பின்னால் வந்தது. அக்னெஸ் கைப்பையைத் திறந்து கொண்டையூசியைத் துடைத்துத் திரும்பக் குத்தினா.

"இஞ்சேருங்கோ."

"ம்."

"சாவியும் இல்லை, ஜக்கும் இல்லை. வழியிலை ஏதும் உடைஞ்சா என்ன செய்யிறது?"

செபமாலையர் சிவப்பு விளக்குக்கு மெல்ல நிறுத்தினார். நிறையப் பாரத்தோடு நிறுத்துகிறவன் நிறுத்துகிற மாதிரி, தூரத்திலிருந்தே.

"என்ன செய்யிறது. நிண்டு சாப்பிடுவம்."

"அது திருநாளுக்கு," என்றா அக்னெஸ். "அதிலை ஒருத்தரும் கை வைக்கக்கூடாது. உங்களுக்கு நான் தனிய ஒரு பார்சல் கட்டி வைக்கிறன்."

"அது எத்தினை கிலோ?"

"கால்வாசியைத்தான் சொல்லுவன்," என்றா.